கோழி, காகம், மயில், கிளி: பறவைகள் சுமக்கும் நோய்க்கிருமிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கோழி இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். புறக்கடையில் நாட்டுக்கோழி, ஊருக்கு வெளியே கறிக்கோழிக் கொட்டகை, ஏரியில் நாரையும் கொக்கும், வயலில் மயில், மாந்தோப்பில் கிளி. பறவைகளோடு இவ்வளவு நெருங்கி வாழ்கிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, என் கோழி ஏன் செத்தது? மற்றொன்று, கோழியால் எங்களுக்கு ஏதாவது வருமா? இரண்டுக்கும் ஒரே பதில் இருக்கும் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

கோழி நன்றாக மேய்கிறது, முட்டையும் இடுகிறது. அதனிடமிருந்து நோய் வருமா?

வரும். மனிதர்களைப் படுக்கையில் தள்ளும் கிருமிகளில் முக்கியமானவை கோழியை ஒன்றும் செய்வதில்லை. கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியா இதற்கு நல்ல உதாரணம். ஏறத்தாழ 42 டிகிரி செல்சியஸ் வெப்பம் அதற்கு மிகவும் பிடித்தமானது. கோழியின் உடல் வெப்பமும் 41 முதல் 42 டிகிரிதான். அதனால் கோழியின் குடலில் அது சொந்த வீட்டில் இருப்பதுபோல் தங்கிப் பெருகும். கோழிக்குக் காய்ச்சலும் இல்லை, கழிச்சலும் இல்லை. அதே கிருமி சில நூறு எண்ணிக்கையில் நம் வயிற்றுக்குள் போனால் போதும்; இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குள் காய்ச்சல், வயிற்றுவலி, சில நேரங்களில் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு.

சால்மோனெல்லா என்ற இன்னொரு பாக்டீரியாவின் வகைகளில் பலவும் இப்படித்தான். ஆகவே கொண்டை சிவந்து, இறகு மினுமினுத்து, துள்ளித் திரிகிற கோழியைப் பார்த்து ‘சுத்தமான கோழி’ என்று சான்றிதழ் கொடுக்க முடியாது. பார்க்க வேண்டியது கோழியை அல்ல, அதன் எச்சத்தை: அது எங்கே விழுகிறது, எதன்மேல் படுகிறது, யாருடைய கை வழியாக யாருடைய வாய்க்குப் போகிறது. கீழே உள்ள பதில்களில் பாதி இதைத் தொடர்ந்து போவதுதான்.

அப்படியானால் கோழியைக் கொல்லும் பாக்டீரியா நம்மையும் கொல்லுமா?

பெரும்பாலும் இல்லை. கோழிக்குக் கொடிய நோய் தரும் சால்மோனெல்லா வகைகள் இரண்டு உண்டு: புல்லோரம், கேலினேரம். இரண்டும் கோழி இனத்தோடு ஒட்டிப் பழகிப்போனவை. மனிதர்களுக்கு நோய் தருவது மிக அரிது. நமக்குத் தொல்லை தருபவை என்டெரிடிடிஸ், டைஃபிமூரியம் ஆகிய வகைகள். இவை வளர்ந்த கோழியில் பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் இருக்கும். செத்த கோழியைப் பார்த்து அலறுகிறோம். ஆரோக்கியமான கோழியின் எச்சம் ஒட்டிய முட்டையை அப்படியே உடைத்துக் குடிக்கிறோம்.

குழந்தைக்கு டைபாய்டு வந்திருக்கிறது. வீட்டில் கோழி வளர்ப்பதுதான் காரணமா?

இல்லை. டைபாய்டு தரும் சால்மோனெல்லா டைஃபி மனிதனிடம் மட்டுமே வாழ்கிறது. மனித மலம் கலந்த தண்ணீரும் உணவும்தான் அதன் வழி. கோழிகளுக்கு வரும் ‘கோழி டைபாய்டு’ முன்பு சொன்ன கேலினேரம் வகையால் வருவது. பெயர் மட்டுமே ஒன்று. குடிநீர்க் குழாயையும் கழிப்பறைக் குழியையும் முதலில் பாருங்கள், கோழியை விற்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் டைபாய்டுக்கு வழக்கமாக எடுக்கும் வைடால் இரத்தப் பரிசோதனை மற்ற சால்மோனெல்லா தொற்றுகளிலும் ஓரளவு ‘இருக்கிறது’ என்று காட்டிவிடக்கூடும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் மாத்திரை தொடங்குவதற்கு முன் இரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைதான் வழி.

வெள்ளைக்கழிச்சல் பாக்டீரியா நோயா?

ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்வது ராணிகெட் நோயை. அது வைரஸ். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் இதற்காகத்தான். பாக்டீரியாவால் வரும் வெள்ளைக் கழிச்சலும் ஒன்று உண்டு. அது புல்லோரம் கிருமியால் சின்னஞ்சிறு குஞ்சுகளுக்கு வருவது. இதை வேறுபடுத்துவது முக்கியம், ஏனென்றால் மருந்துக்கடைக்குப் போய் ‘கழிச்சலுக்கு மருந்து’ என்று கேட்டால் ஆன்டிபயாடிக் பொடியை எடுத்துக் கொடுப்பார்கள். ராணிகெட்டுக்கு அது வெறும் தண்ணீர்தான். கழுத்து திருகி, இறக்கை தொங்கி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து வயது வித்தியாசம் இல்லாமல் கோழிகள் சாய்ந்தால் ராணிகெட்டைச் சந்தேகியுங்கள். பொரித்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் குஞ்சுகள் மட்டும் ஒடுங்கி நின்று, ஆசனவாயில் வெள்ளை மாவுபோல் ஒட்டிக்கொண்டு செத்தால் புல்லோரமாக இருக்கலாம்.

பறவைக் காய்ச்சல்?

அதுவும் வைரஸ். இந்தப் பக்கம் பாக்டீரியாக்களைப் பற்றியது என்பதால் அதற்கு இங்கே இடமில்லை. ஆனால் ஒரே நேரத்தில் பல கோழிகளோ காகங்களோ கொத்தாகச் செத்துக் கிடந்தால், காரணம் எதுவாக இருந்தாலும், தொடாமல் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுகள் முதல் வாரத்திலேயே செத்துப்போகின்றன. தாய்க்கோழி பொரித்தவை பிழைத்துக்கொள்கின்றன. ஏன்?

இந்தக் கேள்வியை நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்கும் இளைஞர்கள் அதிகம் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. பதிலில் வெப்பம், ஈரப்பதம் போன்ற விஷயங்கள் ஒரு பங்கு. கிருமிகள் ஒரு பங்கு.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சின் குடல் ஏறத்தாழக் காலியான இடம். அந்த இடத்தை யார் முதலில் பிடிக்கிறார்கள் என்பதுதான் எல்லாம். தாய்க்கோழியோடு திரியும் குஞ்சு அதன் எச்சத்தைக் கொத்துகிறது, அது கிளறிய மண்ணைக் கொத்துகிறது. அருவருப்பாகத் தோன்றலாம். ஆனால் அதன் வழியாக வளர்ந்த கோழியின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் குஞ்சின் குடலில் குடியேறிவிடுகின்றன. பின்னால் வரும் சால்மோனெல்லாவுக்கு ஒட்ட இடமும் கிடைப்பதில்லை, இரையும் கிடைப்பதில்லை. இன்குபேட்டர் குஞ்சுக்கு இந்தச் சீதனம் இல்லை. வளர்ந்த கோழியை ஒன்றும் செய்யாத அளவு கிருமி, ஒருநாள் குஞ்சைச் சாய்த்துவிடும். பின்லாந்தைச் சேர்ந்த நுர்மி, ராண்டலா என்ற இருவர் 1973ஆம் ஆண்டு இதைச் சோதனையாகவே செய்து காட்டினார்கள்: வளர்ந்த கோழியின் குடற்பொருளைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது சால்மோனெல்லா அவற்றின் குடலில் காலூன்ற முடியவில்லை. இன்று கடைகளில் விற்கும் புரோபயாடிக் மருந்துகள் பலவற்றின் பின்னால் இருக்கும் எண்ணம் இதுதான். அடைக்கோழி எந்த ஆய்வுக் கட்டுரையும் படிக்காமல் இதைச் செய்துகொண்டிருக்கிறது.

இதற்காகக் கண்ட கோழியின் எச்சத்தை அள்ளிக் குஞ்சுகளுக்குப் போட்டுவிடாதீர்கள். நல்லதோடு கெட்டதும் வரும். செய்யக்கூடியவை வேறு. எச்சம் அப்பிய முட்டையை அடை வைக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து வைப்பது இன்னும் கேடு, அழுக்கை ஓட்டின் நுண்துளைக்குள் தேய்த்து ஏற்றுவதற்குச் சமம். ஏழாம் நாள் வாக்கில் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்து, கருக்கூடாததை எடுத்துவிட வேண்டும். அது கூமுட்டையாகி இன்குபேட்டருக்குள் வெடித்தால் அந்த ஈடு முழுவதும் கிருமி மழையில் நனையும். பொரித்த குஞ்சின் தொப்புள் மூடாமல் ஈரமாகவும் கருத்தும் இருந்தால் ஈ.கோலை போன்ற கிருமிகள் உள்ளே போய்விட்டன என்று பொருள். அத்தகைய குஞ்சுகளை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். புல்லோரம் தாயின் சூலகத்திலிருந்தே முட்டைக்குள் வந்துவிடும் என்பதால், குஞ்சுகள் அந்த நோயில் செத்த வீட்டுக் கோழிகளின் முட்டையை மறுபடியும் வாங்குவதில் பயனில்லை.

கொழுத்த பெரிய கோழி, இரவு நன்றாக இருந்தது, காலையில் செத்துக் கிடந்தது. யாரோ மருந்து வைத்துவிட்டார்களா?

பங்காளியைச் சந்தேகிப்பதற்கு முன் கோழிக் காலராவைச் சந்தேகியுங்கள். பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற பாக்டீரியா தருவது. மனிதருக்கு வரும் காலராவோடு இதற்கு உறவில்லை. குஞ்சுகளைவிட வளர்ந்த, எடையுள்ள கோழிகளை அதிகம் தாக்கும். கொண்டையும் தாடியும் நீலம் பாரித்திருக்கும். சில நாள் தாக்குப்பிடிக்கும் கோழியில் பச்சைக் கழிச்சலும், தாடி வீக்கமும் தெரியும். பிழைத்த கோழி மூக்கிலும் தொண்டையிலும் கிருமியைச் சுமந்துகொண்டு அடுத்த கோழிக்குக் கொடுக்கும். காட்டு நீர்ப்பறவைகளிலும் இது கூட்டமான சாவுகளை உண்டாக்கும். எலியும் பூனையும்கூட இதைச் சுமக்கும். மனிதர்களுக்கு இந்தக் கிருமி வருவது பெரும்பாலும் பூனைக்கடி, நாய்க்கடி வழியாகத்தான். கோழி வழியாக அல்ல.

இந்தக் கிருமிக்கு வரலாற்றில் ஒரு தனி இடம் உண்டு. லூயி பாஸ்டர் 1879-80இல் இதைக் குடுவையில் வளர்த்துக்கொண்டிருந்தபோது, நாள்பட்ட வளர்ப்பைச் செலுத்திய கோழிகள் சாகவில்லை. பின்னர் புதிய கிருமியைச் செலுத்தியும் தாக்குப்பிடித்தன. ஆய்வகத்தில் வலுக்குறைத்த கிருமியால் தடுப்பூசி செய்யலாம் என்ற வழி அங்கேதான் திறந்தது. நாம் குழந்தைகளுக்குப் போடும் பல ஊசிகளின் கொள்ளுப்பாட்டி ஒரு கோழி.

பகலில் உண்ணி எதுவும் தெரியவில்லை, ஆனால் கோழிகள் வெளிறி, பச்சையாகக் கழிந்து இளைக்கின்றன.

இரவில் டார்ச்சோடு போய்ப் பாருங்கள். கோழி உண்ணி பகலில் மண்சுவர் வெடிப்பிலும் மூங்கில் கணுவிலும் பதுங்கி, இரவில் வந்து இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். பொரிலியா என்ற சுருள் வடிவப் பாக்டீரியாவை இது கோழிக்கு ஏற்றுகிறது. கோழிக்கு ஊசி போட்டுவிட்டுக் கூட்டை அப்படியே விட்டால் பத்து நாளில் பழைய கதைதான். வெடிப்புகளை மண் அல்லது சிமெண்டால் பூசி அடைப்பதும், கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தைக் கூட்டில் அடிப்பதும்தான் வைத்தியம். வறண்ட, வெயில் மிகுந்த பகுதிகளில் இதை எப்போதும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

அமாவாசைக்குக் காகத்துக்குச் சோறு வைக்கிறோம். நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். முன்னோரைப் பகைத்துக்கொள்ள நான் சொல்லவில்லை. ஆனால் காகம் குப்பைமேட்டில் மேய்ந்துவிட்டு வருகிற பறவை. அதன் குடலில் கேம்பைலோபாக்டர் இருப்பது சாதாரணம். இங்கிலாந்தில் 1990களில் வாசலில் வைத்த பால் புட்டிகளின் மூடியைக் காக இனப் பறவைகள் கொத்திக் குடிக்க, அந்தப் பாலைக் குடித்தவர்களுக்குக் கேம்பைலோபாக்டர் வந்தது பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டு தோட்டத்தில் பறவைகளுக்குத் தீனி வைத்த இடங்களின் வழியாகச் சால்மோனெல்லா பரவி, 12 மாநிலங்களில் 29 பேர் நோயுற்றார்கள்.

ஆகவே சோறு வைக்கும் இடத்தைக் கொஞ்சம் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் வைப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அதைவிட மோசமான இடம் கிடையாது, அதிலும் மூடி உடைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஃபுளோரைடு இல்லாத தண்ணீர் கொடுப்பதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அவ்வளவு தூரம் குழாயில் ஏறி வந்த தண்ணீரைக் கடைசியில் காக எச்சத்தில் கலப்பது என்ன நியாயம்? கோழிகள் தண்ணீர் குடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம். மதில் மேல் ஓர் ஓரம், மீந்த சோற்றை மாலையில் எடுத்துவிடுவது, கை கழுவுவது. அவ்வளவே.

கிளி கொத்திய மாம்பழம் இனிக்கும் என்று பிள்ளைகள் தேடித் தின்கிறார்கள்.

இனிக்கும் என்பது உண்மை. பழுத்ததைத்தான் கிளி கொத்தும். கிருஷ்ணகிரித் தோப்புகளில் சித்திரை, வைகாசியில் இதைத் தடுத்துவிட முடியும் என்றும் நான் நம்பவில்லை. ஆனால் தோல் கிழிந்த பழத்தில் பறவையின் எச்சிலும், சில சமயம் எச்சமும் படும். சர்க்கரைச் சாறு கிருமி வளர நல்ல இடம். எது கொத்தியது என்று நமக்குத் தெரியாது, இரவில் வௌவாலும் கடித்திருக்கலாம். வௌவால் கடித்ததில் வேறு வைரஸ் அபாயங்களும் இருக்கின்றன. கடிபட்ட இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டுத் தின்பது போதாது. அந்தப் பழம் மாட்டுக்கோ எருக்குழிக்கோ போகட்டும்.

மயில்கள் முற்றத்துக்கே வந்து கோழித் தீனியைத் தின்கின்றன. ஆபத்தா?

மயிலும் கோழியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அதனால் ஒன்றின் கிருமி மற்றொன்றுக்குத் தாவுவது எளிது. பெரும்பாலும் நம் கோழியிலிருந்து மயிலுக்குப் போகிறது என்பதையும் மறக்க வேண்டாம். காட்டுப் பறவைதான் குற்றவாளி என்று எப்போதும் எண்ணுகிறோம். தீனியைத் திறந்த முற்றத்தில் இறைக்காமல், கோழி தின்று முடித்ததும் மிச்சத்தை எடுத்துவிட்டால் மயில் தானாக வரவு குறைக்கும். செத்துக் கிடக்கும் மயிலை எடுக்கவோ புதைக்கவோ கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை அது. வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். மயில் சாவில் நோயைவிட மருந்து கலந்த விதையும் பூச்சிமருந்துமே காரணமாக இருப்பது உண்டு.

வீட்டில் கிளி, புறா வளர்க்கிறோம். இருமல் விடவில்லை.

மருத்துவரிடம் போகும்போது பறவை வளர்ப்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அவர்கள் கேட்க மாட்டார்கள், நீங்களும் சொல்ல மாட்டீர்கள். அங்கேதான் நோய் நழுவிப்போகிறது. கிளமிடியா சிட்டாசி என்ற பாக்டீரியா கிளிகளிலும் புறாக்களிலும் இருக்கும். எச்சம் காய்ந்து தூளாகி மூச்சில் போனால், ஒரு வாரம் இரண்டு வாரத்தில் காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல், பிறகு நிமோனியா. 1929-30இல் விற்பனைக்குக் கப்பலில் வந்த கிளிகள் வழியாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவிப் பெரும் பீதியைக் கிளப்பிய நோய் இது. வழக்கமாக இருமலுக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் இதற்குச் சரிவராது. டாக்சிசைக்ளின் நன்றாகக் கேட்கும்.

கூண்டை உலர்ந்த நிலையில் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, மூக்கை மூடிக்கொண்டு வழியுங்கள். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கோடையில் ஏரி வற்றும்போது நீர்ப்பறவைகள் செத்து மிதந்தால்?

விஷம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். சேற்றில் உறங்கும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா, தண்ணீர் குறைந்து, சூடேறி, காற்று போகாமல் அழுகும் இடத்தில் விழித்து நச்சைச் சுரக்கிறது. முதலில் சில பறவைகள் சாகும். பிணத்தில் புழு வைக்கும். புழுவுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அதில் நச்சு சேர்ந்திருக்கும். அந்தப் புழுவைத் தின்ற பறவை கால் செயலிழந்து, இறக்கை தூக்க முடியாமல், கழுத்து தொய்ந்து தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். அதில் மீண்டும் புழு. ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் 2019 நவம்பரில் 18,000க்கும் மேற்பட்ட பறவைகள் இப்படித்தான் மடிந்தன.

கெலவரப்பள்ளி, பாரூர், கிருஷ்ணகிரி அணை என்று நம்மிடமும் நீர்ப்பறவை கூடும் இடங்கள் இருக்கின்றன. இந்தச் சங்கிலியை அறுக்க ஒரே வழி பிணங்களை விரைவாக அகற்றுவது. அது வனத்துறையும் கால்நடைத் துறையும் சேர்ந்து கையுறையோடு செய்ய வேண்டிய வேலை. உங்கள் வேலை, தகவல் சொல்வதும், வீட்டுக் கோழியையும் வாத்தையும் அந்தப் பக்கம் விடாமல் பிடித்து வைப்பதும்.

கறியைக் கழுவ வேண்டாம் என்கிறார்களே? கழுவாமல் எப்படிச் சமைப்பது?

எனக்கும் கழுவாத கறி என்றால் மனம் ஒப்பாது. காரணம் நம் ஊர்க் கறிக்கடை. வெளிநாட்டு அறிவுரை ஆலையில் சுத்தம் செய்து பையில் அடைத்து வரும் கறிக்குச் சொன்னது. இங்கே கோழி இறகு பிடுங்கும் உருளையில் சுழலும்போதே குடலிலிருந்து எச்சம் பிதுங்கித் தோல் முழுவதும் பூசப்படுகிறது. அதே உருளையில்தான் அடுத்த கோழியும். பிறகு காலையிலிருந்து மாற்றாத வாளித் தண்ணீரில் ஒரு முக்கு, கறிக்கட்டையில் வெட்டு. எலும்புத் துணுக்கையும் இரத்தத்தையும் கழுவத்தான் வேண்டும். ஆனால் கழுவுவதால் கிருமி போகாது, இடம் மாறும்.

குழாயைத் திறந்து பீய்ச்சி அடித்துக் கழுவினால் திவலைகள் சுற்றிலும் தெறிக்கும்: காய்ந்த தட்டு, பக்கத்தில் நறுக்கி வைத்த வெங்காயம், கொத்தமல்லி. எனவே அகலமான பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, கறியை அதற்குள் மெதுவாக அலசி, தண்ணீரைச் சிந்தாமல் கொட்டி, பாத்திரத்தையும் தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மஞ்சளும் உப்பும் மணத்துக்கும் மனத்துக்கும் நல்லது. கிருமியைக் கொல்லும் என்று நம்பி அடுத்த வேலையில் அசட்டையாக இருக்கக் கூடாது. நாட்டுக்கோழியை மஞ்சள் பூசித் தீயில் வாட்டுவது தோலின் மேற்பரப்பில் நன்றாகவே வேலை செய்யும். வயிற்றைக் கிழித்ததும் குடல் கிழிந்தால் மறுபடியும் முதலிலிருந்துதான்.

குழம்பில் பயமில்லை. களிக்குத் தொட்டுக்கொள்ள நாம் வைக்கும் கோழிக் குழம்பு கொதிக்கிற கொதியில் எந்தச் சால்மோனெல்லாவும் பிழைக்காது. கறியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டால் போதும், குழம்பு அதைத் தாண்டி வெகுநேரம் கொதிக்கிறது. நோய் வருவது குழம்பால் அல்ல, அதோடு வைத்த தயிர்ப் பச்சடியால்: கறி வெட்டிய கத்தி, பலகை, கை. பிறகு, வெளியே தின்னும் அரைவேக்காட்டுச் சுட்ட கோழியால்.

ஆஃப்பாயில், பச்சை முட்டை, மயோனைஸ்?

என்டெரிடிடிஸ் வகைச் சால்மோனெல்லா கோழியின் சூலகத்தில் இருந்துகொண்டு, ஓடு உருவாவதற்கு முன்பே முட்டைக்குள் போய்விடும். அதனால் ஓடு எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் உறுதி கிடையாது. அமெரிக்காவில் 20,000 முட்டைகளில் ஒன்றில் என்று ஒரு காலத்தில் மதிப்பிட்டார்கள். ஒரு முட்டையைத் தனியாகப் பார்த்தால் மிகச் சிறிய வாய்ப்பு. நூறு முட்டையை ஒரே பாத்திரத்தில் அடித்து, சமைக்காமல், வெயிலில் மணிக்கணக்கில் வைத்திருந்தால் கதை வேறு. பச்சை முட்டை மயோனைஸின் சிக்கல் இதுதான். 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு அதைத் தடை செய்தது இதனால்தான்.

ஆஃப்பாயில் பிரியர்கள் புதிய முட்டையில், உடனே போட்டு, உடனே தின்றால் அபாயம் குறைவு என்பது என் கருத்து. கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர், சர்க்கரை நோயாளி, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் ஆகியோருக்கு மஞ்சள் கரு இறுகும்வரை வேகவைத்ததுதான். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் தம்பிகள் பச்சை முட்டையைக் குடிப்பதில் எந்த லாபமும் இல்லை. வெந்த முட்டையின் புரதம்தான் நன்றாகச் செரிக்கும்.

வாங்கி வந்த முட்டையைக் கழுவி அடுக்காதீர்கள். ஓட்டின் மேல் இயற்கையான மெழுகுப் படலம் உண்டு. கழுவினால் அது போய், ஈரத்தோடு கிருமி உள்ளே இழுபடும். உடைப்பதற்குச் சற்று முன் கழுவுங்கள்.

நாட்டுக்கோழிதான் பாதுகாப்பானது என்பது உண்மையா?

ருசியில் உண்மை. கிருமியில் அப்படிச் சொல்ல முடியாது. பண்ணைக் கோழி நெருக்கத்தில் வளர்கிறது. ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும். நாட்டுக்கோழி சாக்கடையிலும் குப்பையிலும் மேய்கிறது. காட்டுப் பறவை, எலி எல்லாவற்றோடும் பழகுகிறது. வயதாகும்வரை வளர்ப்பதால், நாள்பட்டு வரும் கோழிக் காசநோயும் புறக்கடைக் கோழிகளில்தான் அதிகம் தென்படும்: நன்றாகத் தின்றும் நெஞ்செலும்பு துருத்தும்படி இளைக்கும், அறுத்தால் கல்லீரலிலும் மண்ணீரலிலும் மஞ்சள் கலந்த வெள்ளைக் கட்டிகள். மனிதக் காசநோய்க் கிருமி வேறு, அது வேறு. இருந்தாலும் அந்தக் கோழியைச் சமைக்க வேண்டாம்.

வயிற்றுப்போக்கு வந்தால் எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

பெரும்பாலும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் கஞ்சியும் ஓய்வுமே போதும். இரத்தம் கலந்து போனால், கடுங்காய்ச்சல் இருந்தால், மூன்று நாளைத் தாண்டினால், சிறுநீர் குறைந்தால், குழந்தை சோர்ந்து துவண்டால் காத்திருக்கக் கூடாது. சாதாரண சால்மோனெல்லா வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படுவதில்லை, சில நேரம் கிருமி உடலில் தங்கும் காலத்தை அது நீட்டிக்கும். கேம்பைலோபாக்டர் வந்து தணிந்து சில வாரங்கள் கழித்துக் கால் மரத்து, பலம் குறைந்து, அது மேலே ஏறினால் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் அது.

பண்ணையில் ஆன்டிபயாடிக் கொடுத்தால் கிருமி ஒழிந்துவிடாதா?

எளிதில் சாகக்கூடியவை ஒழியும், மருந்துக்கு அடங்காதவை மிஞ்சும். கறியோடும் எருவோடும் வெளியே வருவது அந்த மிச்சம்தான். மனிதர்களுக்கு வேறெந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கையிலெடுக்கும் கோலிஸ்டினைக் கோழித் தீனியில் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எடை கூடும் என்பதற்காக! 2019 ஜூலையில் இந்திய அரசு உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைத் தடை செய்தது. என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இன்னும் தண்ணீரில் தாராளமாகக் கலக்கப்படுகிறது. கேம்பைலோபாக்டர் அதற்கு அடங்காமல் போனதால் அமெரிக்கா 2005ஆம் ஆண்டிலேயே கோழிகளுக்கு அதை நிறுத்திவிட்டது.

ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பவர்கள், ‘கம்பெனி மேற்பார்வையாளர் கொடுப்பதைக் கலக்கிறோம், எங்கள் கையில் என்ன இருக்கிறது’ என்பார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் கொட்டகைத் தரையில் பரப்பும் கூளம் அவர்கள் கையில் இருக்கிறது. நார்க்கழிவுக் கூளம் நனைந்து கட்டி தட்டினால் அம்மோனியா எழும். அது கோழியின் மூச்சுக்குழாயை அரித்து ஈ.கோலைக்குக் கதவைத் திறந்துவிடும். ஒழுகும் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்து கூளத்தைக் கிளறிவிட்டால் பாதி மருந்துச் செலவு மிஞ்சும். வாசலில் வைக்கும் கிருமிநாசினித் தொட்டியும் அப்படித்தான்: எச்சம் படிந்த செருப்போடு நாலு பேர் மிதித்த பிறகு அதில் இருப்பது கிருமிநாசினி அல்ல, சேறு. செருப்பைத் தேய்த்துக் கழுவிவிட்டு முக்க வேண்டும், தொட்டியைத் தினமும் மாற்ற வேண்டும்.

கோழி எருவைத் தக்காளிக்குப் போடுகிறோம். கிருமி காயில் ஏறுமா?

பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளிக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி. ஓசூர்ப் பக்கம் கொத்தமல்லியும் புதினாவும் போடுகிறவர்கள் இன்னும் முக்கியமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் அவை பச்சையாகவே தின்னப்படுகின்றன. பண்ணையிலிருந்து லாரியில் வந்த எருவை அன்றே கொட்டி இறைத்தால், தெறிக்கும் மண்ணோடு இலையிலும் தரையில் படும் காயிலும் சால்மோனெல்லா ஏறும். உலர்ந்த தூசியிலும் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

குவித்து, நனைத்து, மூடி மட்கவைத்தால் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறும். அந்தச் சூட்டில் சில நாள் இருந்து, புரட்டிப்போட்டு மேலே இருந்தது உள்ளே போய் மறுபடியும் சூடேறினால் கிருமி அடங்கும். கையை விட்டால் சுடுகிறதா என்று பார்ப்பது மோசமில்லாத சோதனை. மட்காத எருதான் போட்டாக வேண்டும் என்றால், மண்ணில் படும் விளைச்சலுக்கு அறுவடைக்கு 120 நாள் முன்பே போட வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. நாற்பது, நாற்பத்தைந்து நாளில் அறுக்கும் கொத்தமல்லிக்கு அப்படி ஒரு கணக்கே பொருந்தாது. அதற்கு மட்கிய எரு மட்டும்தான்.

செத்த கோழியை என்ன செய்வது?

விற்காதீர்கள், நாய்க்குப் போடாதீர்கள், ஏரியில் வீசாதீர்கள். நீங்களே அறுத்துப் பார்க்கவும் வேண்டாம். முன்பு சொன்னதுபோல் ஒரே நேரத்தில் கொத்தாகச் சாகாமல், ஒன்றிரண்டுக்கு மேல் செத்தால், இறந்து அதிக நேரம் ஆகாத ஒரு கோழியைக் கசியாத இரட்டைப் பையில் கட்டி, பனிக்கட்டி வைத்து அரசு கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். ஃப்ரீசரில் உறையவைத்தால் திசுக்கள் சிதைந்து பரிசோதனை கெட்டுவிடும். ஏற்கெனவே ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கிருமி வளராமல் போய்த் தவறான முடிவு வரும். ஓசூர் மத்திகிரியில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. பண்ணை வைத்திருப்பவர்கள் வளர்ப்பு முறை பற்றி அங்கும் ஆலோசனை கேட்கலாம். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண் 1962.

மீதமுள்ள செத்த கோழிகளைக் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் எட்டத்தில், நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிட்டு, செத்த இடத்துக் கூளத்தையும் அதே குழியில் போடுங்கள்.